சொம்பு இல்லாத பரங்கிகள்

ஜெர்மனிக்குப் படிக்க வந்த தமிழ்ப் பசங்க நாலு பேர் ஒரு சமையலறையில சேர்ந்தா போதும், சாம்பார் கொதிக்கறதுக்குள்ள ஜெர்மன்காரங்களைப் பத்தின புலம்பல் கொதிச்சு அடங்கிடும். ஞாயித்துக்கிழமை ஒரு கடை திறந்திருக்காது. ராத்திரி பத்து மணிக்கு மேல மிக்ஸி போட்டா கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டுவாங்க. குப்பையைப் பிரிச்சுப் போடவே தனியா ஒரு டிகிரி வேணும். ஒரே ஒரு கையெழுத்துக்கு ஆறு வாரம் கழிச்சு 'டெர்மின்' குடுப்பாங்க. சிரிக்க மாட்டாங்க, சொல்லாம கொள்ளாம வீட்டுக்கு வர மாட்டாங்க, நாம போனா திகைச்சு நிப்பாங்க. இதுக்கெல்லாம் மேல, தலைப்புல இருக்கற அந்தச் சமாச்சாரம். அதுக்குக் கடைசியா வர்றேன், அவசரப்படாதீங்க மக்களே :-)

இந்தப் புலம்பல் நமக்கு மட்டும் சொந்தமில்லை. வேற ஊர்ல போய்க் குடியிருக்கிற எல்லாருக்கும் இது தேசிய விளையாட்டு. பாங்காக்ல வருஷக்கணக்கா இருக்கிற வெள்ளைக்காரங்க தாய்லாந்துக்காரங்களைப் பத்திப் புலம்பறதைக் கேட்டா, ஊர்ப் பேரை மட்டும் மாத்தினா நம்ம புலம்பலேதான். இங்க ஒரு சின்ன விஷயம். தாய்லாந்துல வெள்ளைக்காரனுக்கு என்ன பேர் தெரியுமா? 'ஃபராங்'. நம்ம 'பரங்கி'யேதான்! ஐரோப்பாவுல ஃப்ராங்க்னு ஒரு இனம் இருந்தது. அரபிக்காரங்களும் பாரசீகக்காரங்களும் மேற்கத்திய ஆள் எல்லாரையும் அந்தப் பேராலேயே கூப்பிட்டாங்க. அந்தச் சொல் கப்பல் ஏறி இந்தப் பக்கம் பரங்கியாவும் அந்தப் பக்கம் ஃபராங்காவும் கரை இறங்கிடுச்சு. தாய் மொழியில கொய்யாப்பழத்துக்கும் ஃபராங்னுதான் பேர். நாம பூசணிக்கு அந்தப் பேரை வெச்சு பரங்கிக்காய் ஆக்கினோம். அதோட நிறுத்தாம ஒரு நோய்க்கும் 'பரங்கிப்புண்'னு பேர் வெச்சோம். வந்தவனைப் பத்தி ஊர் என்ன நினைச்சுதுன்னு இதைவிடச் சுருக்கமா யாரும் சொல்ல முடியாது.

இந்தப் பதிவு அந்தப் பரங்கிகள்ல ஒரு சின்னக் கூட்டத்தைப் பத்தினது. முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மனியில இருந்து கிளம்பி, காவிரி டெல்டாவுல தமிழர்களுக்கு நடுவுல போய்க் குடியிருந்து, நம்மளைப் பத்திப் பக்கம் பக்கமாப் புலம்பி ஊருக்குக் கடுதாசி போட்டவங்க. அதுவரைக்கும் எல்லாக் குடியேறிகள் கதையும்தான். ஆனா இவங்க கதையில ஒரு வித்தியாசம் இருக்கு. 'எங்களைப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க?'ன்னு இவங்க தமிழர்கள்கிட்ட எழுத்துலயே கேட்டாங்க. தமிழர்களும் எழுத்துலயே பதில் சொன்னாங்க. அந்தப் பதில் 1714ல் ஜெர்மன் மொழியில அச்சாகி, இங்க ஹாலே நகரத்துல வெளியாச்சு.

ஹாலே லைப்ஸிக் பக்கத்துல இருக்கு, ரயில்ல அரை மணி நேரம்கூட ஆகாது. இசைக்காரங்களுக்கு அது ஹாண்டல் பிறந்த ஊர். தமிழ்நாட்டுக்காரனுக்கு அது வேற ஊர். ஆகஸ்ட் ஹெர்மான் ஃப்ராங்கேன்னு ஒரு பாதிரியார் 1698ல் அங்க ஒரு அனாதை விடுதியை ஆரம்பிச்சார். அது பள்ளிக்கூடம், அச்சகம், மருந்துக்கடை, நூலகம்னு வளர்ந்து ஒரு தெரு நீளத்துக்கு நிக்குது. மாடியில அபூர்வப் பொருள் அறைன்னு ஒண்ணு இருக்கு. கூரையில ஒரு முதலை தொங்கும். அலமாரிகள்ல உலகத்தோட எல்லா மூலையில இருந்தும் வந்த சாமான்கள், அதுல நம்ம ஊர்ச் சாமானும் உண்டு. ஆவணக்காப்பகத்துல தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கு. தரங்கம்பாடி வெயில்ல எழுதின ஓலை இந்தக் குளிர்ல பத்திரமா இருக்கு.

கதை 1706 ஜூலை 9ல் ஆரம்பிக்குது. டென்மார்க் ராஜா நாலாம் ஃப்ரெடரிக் அனுப்பி வெச்ச ரெண்டு ஜெர்மன்காரங்க தரங்கம்பாடியில இறங்கினாங்க. ஒருத்தர் பார்த்தலோமேயுஸ் சீகன்பால்கு, சாக்சனியில புல்ஸ்னிட்ஸ்ங்கற சின்ன ஊர்க்காரர், 24 வயசு. இன்னொருத்தர் அவரைவிடச் சில வயசு மூத்த ஹைன்ரிஷ் புளூட்சௌ. கோபன்ஹேகன்ல இருந்து ஏழு மாசத்துக்கு மேல கப்பல். 24 வயசுங்கறதைக் கொஞ்சம் கவனிங்க. இங்க மாஸ்டர்ஸ் சேர வர்ற பசங்களோட வயசு.

தரங்கம்பாடி டேனிஷ்காரங்க ஊர். 1620ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு வாங்கின இடம், டான்ஸ்போர்க் கோட்டை இன்னைக்கும் கடலைப் பார்த்துக்கிட்டு நிக்குது. பெரிய சாம்ராஜ்யம்னு கற்பனை பண்ணிக்காதீங்க. ஒரு கோட்டை, ஒரு சின்ன ஊர், சுத்தி சில கிராமம், அவ்வளவுதான். அதுக்கும் தஞ்சாவூர் ராஜாவுக்கு வருஷா வருஷம் பணம் கட்டணும். எல்லை தாண்டி உள்ள போகணும்னா ராஜா அனுமதி வேணும். சீகன்பால்கு ஒரு தடவை தஞ்சாவூர் போய்ப் பாத்துடலாம்னு கிளம்பி, முடியாம பாதியில திரும்பினார். இங்க வெளிநாட்டவர் அலுவலக வரிசையில காலங்காத்தால நிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும், ஒரு அல்ப சந்தோஷம்.

வந்து இறங்கினவங்களுக்கு வரவேற்பு எப்படின்னா, வரவேற்பே இல்லை. டேனிஷ் தளபதி ஹாசியுஸ் இவங்களைக் காக்க வெச்சு, உங்களுக்கு இங்க என்ன வேலைங்கற தோரணையில பேசி, நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டார். வியாபாரத்துக்கு வந்த கம்பெனிக்கு மதம் பரப்ப வந்தவன் தொந்தரவு. ராஜா அனுப்பின ஆள்ங்கறதால துரத்தவும் முடியலை. இந்த உரசல் பெருசாகி 1708 நவம்பர்ல சீகன்பால்குவைக் கோட்டைக்குள்ள அடைச்சுட்டாங்க. நாலு மாசம். சிறையில உக்காந்து அந்த மனுஷன் ரெண்டு புத்தகம் எழுதினார்.

இவங்க எழுதின கடிதங்கள், அறிக்கைகள் பத்திப் படிக்கும்போது எனக்கு முதல்ல வேடிக்கையா பட்ட விஷயம் இதுதான்: அன்றாட எரிச்சல்ல பெரும்பங்கு தமிழர்களால வந்ததே இல்லை. கோட்டைக்காரனால வந்தது, சொந்தச் சக ஊழியரால வந்தது, தலைமை ஆபீஸால வந்தது. 1709ல் உதவிக்குன்னு வந்த மூணு பேர்ல பொவிங்னு ஒருத்தர், வந்ததும் வராததுமா சீகன்பால்குவோட சண்டை, அப்புறம் ஐரோப்பா பூரா குறை சொல்லி எழுத்து. 1714ல் கோபன்ஹேகன்ல இந்தப் பணிக்குன்னு ஒரு குழு அமைஞ்சது. அதோட செயலாளர் வெண்ட்ங்கறவர், குளிர்ல உக்காந்துக்கிட்டு, மிஷனரின்னா கையில காசில்லாம நடந்து ஊர் ஊராப் போகணும், வீடு எதுக்கு, கட்டடம் எதுக்கு, கல்யாணம் எதுக்குன்னு கண்டிச்சுக் கடிதம் போட்டார். 1719 பிப்ரவரி 23ல் சீகன்பால்கு செத்துப்போனார், 36 வயசு. வயித்து நோய் முன்னாடியே இருந்தது. அந்தக் கடிதங்களும் சேர்ந்துதான் ஆளைச் சாய்ச்சுதுன்னு எழுதறவங்க உண்டு. அடுத்த வருஷமே அவரோட கூட்டாளி க்ரூண்ட்லரும் போயிட்டார். ஆன்சைட்ல இருக்கறவனுக்கு ஹெட் ஆபீஸ்தான் எமன்ங்கறது ஐடி கம்பெனிக்காரங்க கண்டுபிடிச்சது இல்லை போல.

சரி, தமிழர்களைப் பத்தி என்ன நினைச்சாங்க? வரும்போது மத்த பரங்கிகள் நினைச்சதையேதான். ஒழுங்கு தெரியாத ஜனம், படிப்பு இல்லை, காட்டுமிராண்டிங்க. இதை நான் சொல்லலை, சீகன்பால்குவே 1708ல் எழுதி வெச்சிருக்கார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூணையும் ஜெர்மன்ல மொழிபெயர்த்தப்போ எழுதின முன்னுரையில, நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு வந்தேன், ஐரோப்பியர்கள் இவங்களைத் தாழ்வா நினைக்கறதுக்குக் காரணம் இவங்க பாஷை தெரியாததும் வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டறதும்தான், புத்தகங்களைப் படிச்ச பிறகு என் எண்ணம் மாறிடுச்சுன்னு சொல்றார். வந்து ரெண்டு வருஷத்துல!

அந்த ரெண்டு வருஷத்துல அவர் என்ன பண்ணார்ங்கறது முக்கியம். ஊர்ல வெள்ளைக்காரனும் தமிழனும் பேசிக்கிட்டது உடைஞ்ச போர்த்துகீசியத்துல. சந்தையில பேரம் பேச அது போதும். அதுக்கு மேல ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது. சீகன்பால்கு ஒரு வயசான வாத்தியாரைப் பிடிச்சார். வாத்தியார் தன் திண்ணைப் பள்ளிக்கூடத்தையே இவர் வீட்டுக்கு மாத்தினார். சின்னப் பசங்களோட தரையில சம்மணம் போட்டு, மணல்ல விரலால அ, ஆ எழுதிப் படிச்சார் இந்த ஜெர்மன்காரர். வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி ஒண்ணும் தெரியாது, அதனால எழுத்து தெரிஞ்சுது, அர்த்தம் தெரியலை. அதுக்காக அழகப்பன்ங்கற துபாஷியைச் சேர்த்துக்கிட்டார். இவங்க எழுத்துல அவர் 'அலெப்பா'. கம்பெனியில மொழிபெயர்ப்பாளரா இருந்தவர், போர்த்துகீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன்னு எல்லாம் பேசுவார். இன்னைக்கு நம்ம பசங்க பி1 சர்டிஃபிகேட் வாங்கறதுக்குள்ள படற பாட்டை நினைச்சுப் பாருங்க.

அப்புறம் புத்தகம் சேர்க்க ஆரம்பிச்சார். ஆட்களை உள்நாட்டுக்கு அனுப்பி, இறந்துபோன பிராமணர்களோட விதவைகள்கிட்ட இருந்து ஓலைச்சுவடிகளைச் சல்லிசா வாங்கிட்டு வரச் சொன்னார். (இதைப் பெருமையா அவரே எழுதறார். எனக்கு நெருடுது. சல்லிசான விலைக்கு விக்கற விதவையோட நிலைமை பத்தி ஒரு வரி கிடையாது.) 1708லேயே 119 தமிழ் நூல்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொண்ணுலயும் என்ன இருக்குன்னு குறிப்பு எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பிட்டார். திருக்குறளும் அதுல உண்டு. உ.வே.சா. பிறக்கறதுக்கு 147 வருஷம் முன்னாடி.

இந்த ஆளைப் புனிதராக்கறது என் நோக்கமில்லை. வந்தது மதம் மாத்த. படிச்சதும் அதுக்குத்தான், எதிராளியைத் தெரிஞ்சுக்கிட்டாத்தான் வாதம் பண்ண முடியும்ங்கற கணக்கு. ஆனா அந்தக் கணக்கு அவரை வேற எந்தப் பரங்கியும் போகாத ஒரு இடத்துக்குக் கொண்டுபோச்சு. அதுதான் அந்தக் கடிதங்கள்.

1712ல் இருந்து 1714 வரைக்கும் சீகன்பால்குவும் க்ரூண்ட்லரும் தமிழ் தெரிஞ்ச, படிச்ச ஆட்களுக்குக் கேள்வி எழுதி அனுப்பினாங்க. உங்க சாமி பத்தி, சடங்கு பத்தி, கல்யாணம் பத்தி, வைத்தியம் பத்தி, படிப்பு பத்தி. அதோட, எங்க மதத்தையும் எங்களையும் ஏன் உங்களுக்குப் பிடிக்கலை? வந்த பதில்களை ஜெர்மன்ல மொழிபெயர்த்து ஹாலேவுக்கு அனுப்பினாங்க. மொத்தம் 99 கடிதம். 1710ல் இருந்து ஹாலேவுல தரங்கம்பாடிச் செய்திகளை வெளியிட ஒரு பத்திரிகையே நடந்தது, 'ஹாலே அறிக்கைகள்'னு சுருக்கமாச் சொல்லுவாங்க. அதுல 1714ல் 55 கடிதம், 1717ல் மீதி 44. லண்டன்ல ஃபிலிப்ஸ்ங்கறவர் அதுல இருந்து எடுத்து 1717லேயே இங்கிலீஷ்லயும் போட்டுட்டார். இப்போ படிக்கணும்னா குர்ட் லீபாவ் 1998ல் பதிப்பிச்ச ஜெர்மன் புத்தகம் இருக்கு, பெரிய பல்கலைக்கழக நூலகங்கள்ல கிடைக்கும்.

இப்போ அந்தப் பட்டியலுக்கு வருவோம். தமிழர்களுக்கு ஏன் கிறிஸ்தவர்களைப் பிடிக்கலை? சுருக்கமாச் சொன்னா இது: மாட்டை வெட்டித் திங்கறாங்க. சாராயம் குடிக்கறாங்க. செத்தவங்க ஆத்மா நல்ல கதி அடைய ஒரு சடங்கும் உருப்படியாப் பண்றதில்லை. கல்யாணத்தை ஒரு கொண்டாட்டமும் இல்லாம முடிச்சுடறாங்க. அப்புறம், வெளிக்குப் போயிட்டு வந்தா கழுவறதில்லை.

இதைப் படிச்சப்போ நூலகம்னும் பாக்காம சத்தமாச் சிரிச்சுட்டேன். முன்னூறு வருஷம்! முதல் தடவை ஜெர்மனி வர்ற ஒவ்வொரு தமிழ் மாணவனும் பெட்டியில ஒரு பிளாஸ்டிக் மக் வெச்சுக்கிட்டு வர்றான். 'அங்க பேப்பர்தாண்டா, மறக்காம எடுத்துக்கோ'ன்னு சீனியர்கள் அனுப்பற லிஸ்ட்ல பிரஷர் குக்கருக்கு அடுத்தபடியா அதுதான் இருக்கும். நாம இப்போ சமையலறையில கிசுகிசுக்கற அதே குற்றச்சாட்டு, 1714லேயே ஜெர்மன் அச்செழுத்துல, பக்திமான்கள் படிக்கற மதப் பத்திரிகையில, ஒரு அனாதை விடுதி அச்சகத்துல இருந்து வெளியாகி ஐரோப்பா பூராப் போயிருக்கு. இதைப் படிச்ச ஒரு ஜெர்மன் சீமாட்டியோட முகத்தைக் கற்பனை பண்ணிப் பாருங்க.

கல்யாணப் புகாரையும் விட்டுடக் கூடாது. இங்க என் வகுப்புத் தோழி ஒருத்தி நகராட்சி அலுவலகத்துல இருபது நிமிஷத்துல கல்யாணம் முடிச்சு, வாசல்ல ஆளுக்கு ஒரு கிளாஸ் குடுத்து அனுப்பினாள். மேளம் இல்லை, பந்தி இல்லை. அந்தக் கடிதம் எழுதினவர் இருந்திருந்தா அப்பவே சொன்னேனேன்னு இருப்பார்.

ஆனா சிரிச்சு முடிச்சதும் இன்னொண்ணையும் சொல்லணும். நம்ம முன்னோர் குடுத்த பட்டியல்ல எல்லாத்தையும் தோள்ல தூக்கி வெச்சுக்க முடியாது. மாட்டுக்கறிப் புகார் வெறும் சாப்பாட்டுப் புகார் இல்லை. மாட்டுக்கறி திங்கறவன், குடிக்கறவன், அதனால பரங்கியும் தாழ்த்தப்பட்டவனும் ஒண்ணு, கிட்ட சேர்க்காதேங்கறதுதான் உள்ள இருக்கற வாதம். இது புதுசும் இல்லை. சரியா நூறு வருஷம் முன்னாடி, 1606ல் மதுரைக்கு வந்த இத்தாலிக்காரர் ராபர்ட் தெ நோபிலி இதைப் புரிஞ்சுக்கிட்டு, 'நான் பரங்கி இல்லை'ன்னு சொல்லி, காவி கட்டி, மாமிசத்தை விட்டு, மேல்சாதிக்காரர் மாதிரியே வாழ்ந்து காட்டினார். நோபிலி அந்த வெறுப்பைச் சரிதான்னு ஏத்துக்கிட்டு அதுக்கு ஏத்த மாதிரி தன்னை மாத்திக்கிட்டார். சீகன்பால்கு அப்படி மாத்திக்கலை. ஆனா 1718ல் தரங்கம்பாடியில அவங்க கட்டின புது எருசலேம் தேவாலயத்துலயும் சாதிக்குத் தனி இடம் வந்துடுச்சு. ஆக, ஊர்க்காரன் புகார் சொன்னா அது எப்பவும் நியாயம்னு எடுத்துக்க முடியாது. வந்தவன் திமிரோட பேசறான்னா, இருக்கறவன் சாதியோட பேசறான்.

இன்னொரு கேள்வி அந்தக் கடிதங்கள்லயும் மிஷனரிகளோட வாதங்கள்லயும் திரும்பத் திரும்ப வருது, அதுக்கு அவங்ககிட்ட நல்ல பதில் இருந்த மாதிரி தெரியலை. உங்க மதம் அவ்வளவு உசத்தின்னா உங்க ஆளுங்க ஏன் இப்படி இருக்காங்க? கோட்டையில இருக்கற சிப்பாயும் கப்பல்காரனும் வியாபாரியும் கிறிஸ்தவன்தானே, அவன் குடிக்கறதையும் ஏமாத்தறதையும் நாங்க தினமும் பாக்கறோமே? சீகன்பால்குவுக்கே இந்தப் புகார்ல முழு சம்மதம். ஐரோப்பியர்களோட நடத்தைதான் தன் வேலைக்குப் பெரிய இடைஞ்சல்னு அவரும் எழுதறார். தமிழர்களைத் திருத்த வந்தவர், கொஞ்ச நாள்ல தமிழர் பக்கம் நின்னு தன் ஊர்க்காரனைத் திட்டிக்கிட்டு இருக்கார்.

இதெல்லாம் பாத்து 'ஆஹா, எவ்வளவு திறந்த மனசு'ன்னு உருகறதுக்கு முன்னாடி, அச்சான பக்கத்தைப் பாக்கணும். தமிழர் கடிதம் மேல, மிஷனரியோட அடிக்குறிப்பு கீழ. அவர் இப்படிச் சொல்றார், இது அறியாமை, உண்மை என்னன்னா... இப்படிப் போகும். எழுதினவங்க பேரும் அச்சுல இல்லை. யார் யாருக்கு எழுதச் சொன்னது, எதை எடுத்தது, எதை விட்டதுன்னு முடிவு பண்ணினதும் பரங்கிதான். ஹாலேவுலயும் ஆசிரியர்கள் கத்திரி போட்டாங்க. எல்லாத்துக்கும் மேல, தமிழ் மூலம் கிடையாது. 99 கடிதமும் ஓலையில தமிழ்ல எழுதப்பட்டவை, இன்னைக்கு நம்ம கையில இருக்கறது ஜெர்மன் மட்டும். தமிழன் பேசினான், ஆனா அவனோட தமிழ் தொலைஞ்சுபோச்சு.

எழுதினது யாருங்கறதுல லீபாவ் ஒரு யூகம் சொல்றார், பல கடிதங்களை எழுதினது அந்த அழகப்பன்தான்னு. எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு, அதே சமயம் கலக்கமாவும் இருக்கு. ரெண்டு பக்கத்தையும் உள்ள இருந்து பாத்த ஒரே ஆள் அவர். பரங்கி சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்துல நின்னவர், தமிழ் ஊர்ல குடியிருந்தவர். 'ஊர் உங்களைப் பத்தி இப்படிப் பேசுது'ன்னு சொல்றதுக்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. ஆனா சம்பளம் குடுக்கறவன் கேக்கற கேள்விக்குப் பதில் எழுதறவன் எவ்வளவு தூரம் மனசுல உள்ளதை எழுதுவான்? அவர் கடைசி வரைக்கும் மதம் மாறலை. மிஷனரிகளோட சேர்ந்ததால அதிகாரத்துல இருந்தவங்க கோபத்துக்கு ஆளாகி ஊரை விட்டே போகவேண்டியும் வந்தது. சீகன்பால்குவுக்குத் தரங்கம்பாடியில நினைவுச்சின்னம் உண்டு. அழகப்பனுக்கு ஒரு தெருப்பேர்கூட இருக்கறதா எனக்குத் தெரியலை.

சரி, மதிச்சு எழுதினதெல்லாம் என்ன ஆச்சு? இங்கதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருது. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மொழிபெயர்ப்பு, தமிழர்களைத் தப்பா நினைச்சோம்னு சொல்ற அந்த முன்னுரையோட, 1708ல் எழுதினது, அச்சானது 1930ல். 222 வருஷம் கிடப்புல. தமிழ்ச் சமயங்களைப் பத்தின பெரிய நூல் 1711ல் எழுதினது, அச்சானது 1926ல். இந்த ரெண்டையும் ஆம்ஸ்டர்டாம்ல வெளியிட்டவர் காலண்ட்ங்கற டச்சு அறிஞர், ஹாலேக்காரங்க இல்லை. தென்னிந்திய தெய்வங்களோட வம்சாவளி 1713ல் எழுதினது, 1867ல் கெர்மான்ங்கற ஜெர்மன் மிஷனரி சென்னையில அச்சுப் போட்டார். உன்னை அனுப்பினது அங்க இருக்கற பொய் மதத்தை ஒழிக்கறதுக்கு, அதை இங்க கொண்டுவந்து பரப்பறதுக்கு இல்லைங்கறதுதான் ஃப்ராங்கேயோட நிலைன்னு கெர்மான் எழுதறார். ஆக, 'அங்க ஜனங்க இருட்டுல இருக்காங்க, பணம் அனுப்புங்க'ங்கற மாதிரி எழுத்து உடனே அச்சேறும். 'அங்க ஜனங்களுக்கு நம்மகிட்ட இல்லாத நல்ல நூல் இருக்கு'ங்கறது அலமாரிக்குப் போகும். புலம்பலுக்குச் சந்தை உண்டு, புரிஞ்சுக்கிட்டதுக்கு இல்லை. இன்னைக்கும் ஒரு பதிவுல 'ஜெர்மன்காரன் கஞ்சன்'னு எழுதினா எத்தனை பின்னூட்டம் வரும்னு உங்களுக்கே தெரியும் :-)

நடுவுல ஒரு வேடிக்கை. பரங்கிகள் நம்மளைப் பத்திப் பேசினது போக, நம்ம தமிழை யார் நல்லாப் பேசறாங்கன்னு பரங்கிகளுக்குள்ளயே சண்டை. வீரமாமுனிவர், அதான் இத்தாலிக்காரர் பெஸ்கி, 1728ல் வேதவிளக்கம்னு ஒரு நூல் எழுதி, தரங்கம்பாடி லுத்தரன்களோட மதத்தையும் சேர்த்து அவங்க வேதப் புத்தகத் தமிழையும் கிழிகிழின்னு கிழிச்சார். படிச்சா அவர் பக்கம் நியாயம் இருக்கற மாதிரிதான் தோணும், ஏன்னா பெஸ்கி தமிழ் அப்படி. ஒரு இத்தாலிக்காரர் ஒரு ஜெர்மன்காரரைப் பாத்து 'உனக்குத் தமிழ் வராது'ன்னு தமிழ்லயே திட்டறதை விடக் காவிரிக்கரைக்கு என்ன பெருமை வேணும்.

இதுல என்னை மாதிரி ஆளுங்களுக்கு ரொம்ப நெருக்கமான ஒரு பேர் இருக்கு: மலையப்பன். சீகன்பால்கு 1714ல் ஐரோப்பாவுக்குக் கிளம்பினப்போ கூடவே கூட்டிட்டு வந்த தமிழ் இளைஞர். பீட்டர் மலையப்பன்னு பதிஞ்சிருக்காங்க. சீகன்பால்குவோட ஹாலே வந்தார். 1716ல் ஹாலேவுல அச்சான சீகன்பால்குவோட தமிழ் இலக்கணத்துக்கு உதவியா இருந்தார், அப்புறம் ஊர் திரும்பினார். அதாவது, நாம யாரும் வர்றதுக்கு முன்னூறு வருஷம் முன்னாடியே ஒரு தமிழ்ப் பையன் இந்தக் குளிரையும் இந்த ரொட்டியையும் இந்த முகங்களையும் பாத்திருக்கார். தமிழர்களுக்கு நடுவுல ஜெர்மன்காரன் பட்ட பாடு பத்தாயிரக்கணக்கான பக்கம் இருக்கு. ஜெர்மன்காரர்களுக்கு நடுவுல மலையப்பன் பட்ட பாடு பத்தி அவர் குரல்ல ஒரு பக்கமாவது இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும். அவரை யாரும் உக்கார வெச்சு, 'எங்களைப் பத்தி என்ன நினைக்கறே?'ன்னு ஒரு கேள்வித்தாள் குடுக்கலை போல.

நம்மகிட்டயும் யாரும் கேக்கலைதான். நாம ஜெர்மன்காரங்களைப் பத்திப் புலம்பறது எல்லாம் தமிழ்ல, நமக்குள்ள. அவங்களுக்கு அது போய்ச் சேரவே சேராது. ஒருவகையில பாத்தா 1714ல் தரங்கம்பாடித் தமிழனோட புகார், அடிக்குறிப்போட வந்தாலும், இன்னைக்கு நம்ம புகாரைவிட அதிக ஜெர்மன்காரங்களால படிக்கப்பட்டிருக்கு.

லீபாவ் புத்தகத்தை வெச்சுக்கிட்டு ஒரு சின்ன வேலை ஆரம்பிச்சிருக்கேன். தொலைஞ்ச தமிழைத் திரும்பக் கொண்டுவர முடியாது, ஆனா ஜெர்மன்ல இருந்து தமிழுக்குக் கொண்டுவந்து பாக்கலாமேன்னு. ஒரு கடிதத்துலயே நாக்கு தள்ளுது. 1712ல் தரங்கம்பாடியில ஒருத்தர் 'மதம்'னு எழுதியிருப்பாரா, 'வேதம்'னா, 'மார்க்கம்'னா? ஜெர்மன்ல ஒரே சொல்தான். அந்தக் கழுவற வரியிலயே ரெண்டு நாள் நின்னேன். ஜெர்மன் மொழிபெயர்ப்பு அதை நாசூக்கா, இயற்கைக் கடன் முடிச்சபின் சுத்தம் பண்ணிக்கறதில்லைங்கற மாதிரி சொல்லுது. எழுதினவர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள்னா, 'கால் கழுவறதில்லை'ன்னுதான் எழுதியிருப்பார்னு எனக்குத் தோணுது. நம்ம பாட்டிமார்கள் இன்னைக்கும் அப்படித்தானே சொல்றாங்க. அப்படின்னா அதைப் படிச்ச சீகன்பால்கு, 'காலா? காலை ஏன் கழுவணும்?'னு முழிச்சிருப்பார், பக்கத்துல இருந்த அழகப்பன்தான் விளக்கியிருக்கணும். தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கத்து மக்கள் யாராவது வீட்டுப் பெரியவங்ககிட்ட இந்த மாதிரிப் பழைய வழக்குச் சொற்களைக் கேட்டுச் சொன்னீங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும். 98 கடிதம் பாக்கி இருக்கு.